சிபாரிசு என்பது சாட்சியம்

 



சிபாரிசு என்ற சொல்லுக்கு நம் ஊர்களில் நல்ல பெயர் இல்லை. தாலுகா அலுவலகத்தில் ஒரு காகிதம் நகர வேண்டுமென்றாலும், கல்லூரியில் ஓர் இடம் கிடைக்க வேண்டுமென்றாலும் "அங்கே யாரைத் தெரியும்?" என்று கேட்டுக் கேட்டு அந்தச் சொல்லே கறைபட்டுப் போயிற்று. ஆனால் ஷரீஅத்தில் இதற்குரிய சொல் ஷஃபாஅத் என்பதாகும். அதன் வேர்ச்சொல்லான ஷஃப்உ என்பதற்கு இரட்டை என்று பொருள். தனித்து நிற்கும் ஒருவரின் பக்கத்தில் இன்னொருவர் வந்து நின்றால் ஒற்றை இரட்டையாகிறது. அவ்வாறு நிற்பதே ஷஃபாஅத்.

நல்லதற்குப் பரிந்துரைப்பவருக்கு அந்த நன்மையில் பங்கு உண்டு, தீயதற்குப் பரிந்துரைப்பவருக்கு அந்தத் தீமையின் சுமையிலும் பங்கு உண்டு என்பது அந்நிஸா அத்தியாயத்தின் 85-ஆம் வசனம் தரும் கருத்தாகும். தேவையுடைய ஒருவர் தம்மிடம் வந்தால், நபி (ஸல்) அவர்கள் அருகிலிருந்த தோழர்களை அவருக்காகப் பரிந்து பேசச் சொல்வார்கள். அதற்கு நற்கூலி உண்டென்றும் அறிவிப்பார்கள். இதை அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் வாயிலாக புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் காண்கிறோம். ஆகவே சிபாரிசு என்றாலே ஹராம் என்று ஒதுங்குவதும் தவறு; சிபாரிசுதானே என்று அலட்சியமாக இருப்பதும் தவறு.

இது தொடர்பாக அண்மையில் இரு கேள்விகள் என்னிடம் வந்தன. ஒன்று, இங்கே எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையில் இரண்டாண்டுகளாக ஆராய்ச்சி உதவியாளராகப் பணிபுரியும் இளைஞருடையது. "ஹஜ்ரத், நான் யாரிடம் வேலை செய்கிறேனோ அந்த டாக்டருக்கு ரெசிடென்ஸி பொறுப்பாளரை நன்றாகத் தெரியும். எனக்கு ஓர் இன்டர்வியூ தரும்படி அவரிடம் சொல்லுங்கள் என்று நான் கேட்டால், அது மற்றவர்களின் ஹக்கைப் பறிப்பதாகுமா?" என்று அவர் கேட்டார். மற்றொன்று, தம் மகளுக்காக முயற்சி செய்யும் ஒரு தந்தையுடையது. "என் மச்சான் அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். அவரை விட்டு அழுத்தமாக ஒரு வார்த்தை சொல்லச் சொல்லியிருக்கிறேன். துஆச் செய்யுங்கள் ஹஜ்ரத்" என்றார். அவர் மார்க்கத் தீர்ப்பு எதையும் கேட்கவில்லை. துஆவை மட்டுமே கேட்டார்.

இவ்விரண்டையும் எடைபோட வேண்டுமானால், அந்த நாட்டில் இந்த இடம் எப்படி வழங்கப்படுகிறது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரில் பலருக்கே இது முழுமையாகத் தெரிவதில்லை.

ரெசிடென்ஸி என்பது மருத்துவப் பட்டம் பெற்றவர் மருத்துவமனையில் தங்கிப் பெறும் பயிற்சி. பொது மருத்துவம், குழந்தை மருத்துவம், குடும்ப மருத்துவம் ஆகியவற்றுக்கு 3 ஆண்டுகள். பொது அறுவைச் சிகிச்சைக்கு 5 ஆண்டுகள். வெளிநாட்டில் பட்டம் பெற்றவர்களுக்கு ஒரு சில மாநிலங்கள் அண்மையில் வேறு வழியைத் திறந்திருந்தாலும், அமெரிக்காவில் மருத்துவராவதற்குப் பொதுவான வாசல் இன்றும் இதுவே. அந்த வாசலுக்கு வருமுன் நம் பிள்ளைகள் யு.எஸ்.எம்.எல்.இ. தேர்வுகளில் தேற வேண்டும், இ.சி.எஃப்.எம்.ஜி. சான்றிதழுக்குத் தகுதி பெற வேண்டும். செப்டம்பர் மாதத்தில் ஈராஸ் எனும் மின்னணு முறையில் விண்ணப்பம் அனுப்ப வேண்டும். இலையுதிர் காலம் முதல் ஜனவரி வரை நேர்முகத் தேர்வுகள் நடக்கும். அதன்பின் விண்ணப்பதாரர் தாம் விரும்பும் மருத்துவமனைகளை வரிசைப்படுத்தித் தருகிறார். மருத்துவமனைகளும் தாம் விரும்பும் விண்ணப்பதாரர்களை வரிசைப்படுத்தித் தருகின்றன. கணினி இரண்டையும் பொருத்துகிறது. முடிவு வெளியாவது மார்ச் மாதத்தின் மூன்றாம் வெள்ளிக்கிழமை. ஆம், ஜும்ஆ நாளில்தான்!

இந்தப் பொருத்தும் முறை எதற்காக ஏற்பட்டது தெரியுமா? 1940-களில் அங்கே மருத்துவமனைகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு, படிப்பு முடிய ஏறத்தாழ இரண்டாண்டுகள் இருக்கும்போதே மாணவர்களைப் பிடித்து வைத்துக்கொண்டன. பிறகு ஒரு பொதுத் தேதி குறித்தார்கள். அந்தத் தேதியில் மாணவருக்கு யோசிக்கச் சில மணி நேரம்கூடக் கொடுக்காமல் உடனே பதில் சொல்லும்படி நெருக்கினார்கள். இந்தக் குழப்பத்திலிருந்து விடுபடவே 1952-இல் பொதுவான பொருத்தும் முறை நடைமுறைக்கு வந்தது. 1998-இல் அதன் கணக்கு முறை விண்ணப்பதாரர்களின் விருப்பத்திற்கு முதலிடம் தரும் வகையில் திருத்தியமைக்கப்பட்டது. அத்திருத்தத்தைச் செய்தவர்களில் ஒருவரான ஆல்வின் ராத் இத்துறை ஆய்வுகளுக்காக 2012-இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 2013 வரை வெளிநாட்டில் பயின்றவர்களுக்கு இம்முறைக்கு வெளியே நேரடியாக இடம் தரும் வழக்கமும் இருந்தது. அவ்வாண்டு முதல், இம்முறையில் சேரும் மருத்துவமனை, சில விதிவிலக்குகள் நீங்கலாக, தன் இடங்கள் அனைத்தையும் இதன் வழியாகவே நிரப்ப வேண்டும் என்றாயிற்று.

இத்தனை கவனத்துடன் அமைத்த பின்பும் ஒரு வாசல் மனிதர் கையிலேயே இருக்கிறது. கணினிக்கு மாமனும் தெரியாது, மச்சானும் தெரியாது, உண்மைதான். ஆனால் நேர்முகத்திற்கு அழைத்த விண்ணப்பதாரரைத்தான் மருத்துவமனை வழக்கமாகத் தன் வரிசையில் சேர்க்கும். அழைப்பதோ மனிதர்கள். சில இடங்களுக்கு ஆயிரக்கணக்கான விண்ணப்பங்கள் வந்து குவிகின்றன. 2024-ஆம் ஆண்டில் மட்டும் 50,413 பேர் பதிவு செய்தார்கள். இருந்த இடங்கள் 41,503. அமெரிக்கக் குடியுரிமை இல்லாத வெளிநாட்டுப் பட்டதாரிகளில் பத்துப் பேருக்கு ஏறத்தாழ நால்வர் இடமின்றித் திரும்பினார்கள். யு.எஸ்.எம்.எல்.இ. முதற்படித் தேர்விலும் 2022 ஜனவரி முதல் மதிப்பெண் கிடையாது; தேறினார், தேறவில்லை என்பது மட்டுமே. அந்த மதிப்பெண்ணைக் கொண்டு விண்ணப்பங்களைத் தரம் பிரித்தவர்களுக்கு இப்போது அந்த அளவுகோல் இல்லை. குவிந்து கிடக்கும் விண்ணப்பங்களுக்கு நடுவே "இவரை எனக்குத் தெரியும், இவருடைய விண்ணப்பத்தைப் பாருங்கள்" என்று தம் மருத்துவமனையிலேயே ஒருவர் சொல்லும்போது அந்தச் சொல்லுக்கு எவ்வளவு கனம் இருக்கும் என்பதை யோசித்துப் பாருங்கள்.

கண்ணியத்திற்குரியவர்களே!

இந்த இடத்தில்தான் மூஸா (அலை) அவர்களின் வரலாறு நமக்கு வழிகாட்டுகிறது. எகிப்தின் அரண்மனையில் வளர்ந்தவர்கள் அவர்கள். மத்யனுக்கு வந்து சேர்ந்தபோது உறவுமில்லை, ஊருமில்லை, அறிமுகமுமில்லை. கிணற்றடியில் இரு பெண்கள் தம் ஆடுகளுக்குத் தண்ணீர் புகட்ட இயலாமல் ஒதுங்கி நிற்கக் கண்டு, கூலி எதையும் பேசாமல் அவர்களுக்காகத் தண்ணீர் இறைத்துப் புகட்டினார்கள். பிறகு நிழலில் ஒதுங்கித் தம் தேவையை ரப்பிடம் மட்டும் சொன்னார்கள். அதன்பின் அப்பெண்களில் ஒருவர்தாம் தம் தந்தையிடம் இவரைப் பணிக்கு அமர்த்துமாறு பரிந்துரைத்தார். அல்கஸஸ் அத்தியாயத்தின் 26-ஆம் வசனம் அதைப் பதிவு செய்கிறது. அவர் கூறிய காரணங்கள் இரண்டு: வலிமை, நம்பகத்தன்மை. இவ்விரண்டையும் அவர் எப்படி அறிந்தார் என்று தஃப்ஸீர் ஆசிரியர்கள் ஆராய்கிறார்கள். தண்ணீர் இறைத்ததில் வலிமையைக் கண்டார். பேசிய விதத்திலும் நடந்து வந்த விதத்திலும் நம்பகத்தன்மையைக் கண்டார் என்று விளக்கம் தருகிறார்கள். முதலில் உழைப்பு நடந்தது. ஒருவர் அதைக் கண்ணால் கண்டார். கண்டதைச் சொன்னார்.

அந்த ஆராய்ச்சி உதவியாளரான இளைஞருக்கு இதுவே என் பதில். தம்பி, நீர் இரண்டாண்டுகள் அந்த டாக்டரின் கண்முன்னே உழைத்திருக்கிறீர். நீர் எத்தனை மணிக்கு வருகிறீர், தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறீரா, புள்ளிவிவரம் எதிர்பார்த்தபடி அமையாதபோது அதைத் திருத்துகிறீரா அல்லது உள்ளபடி எழுதுகிறீரா என்பதை அவர் கண்டிருக்கிறார். அதை உரியவரிடம் எடுத்துச் சொல்லுமாறு அவரைக் கேட்பது எவருடைய ஹக்கையும் பறிப்பதாகாது. அவர் சொல்வது பரிவு மட்டுமல்ல, அது சாட்சியம். தேர்ந்தெடுப்பவர்களுக்கும் அது தேவையாகவே இருக்கிறது. அதற்காகத்தானே அந்த விண்ணப்ப முறையிலேயே ஒவ்வொரு மருத்துவமனைக்கும் நான்கு பரிந்துரைக் கடிதங்கள் வரை சேர்க்க இடம் வைத்திருக்கிறார்கள்?

சாட்சியம் என்று சொல்லிவிட்டால் அதன் நிபந்தனைகளும் கூடவே வந்துவிடுகின்றன. உமர் (ரலி) அவர்களிடம் ஒருவர் சாட்சி சொல்ல வந்தார். அவரை எனக்குத் தெரியாது, தெரிந்தவரை அழைத்து வாரும் என்றார்கள் உமர் (ரலி). கூட்டத்திலிருந்த ஒருவர், தமக்கு அவரைத் தெரியும் என்று முன்வந்தார். அவருடைய இரவு பகலை அறிந்த பக்கத்து வீட்டுக்காரரா நீர் என்று கலீஃபா வினவினார்கள், இல்லை என்றார். அவருடன் கொடுக்கல் வாங்கல் செய்திருக்கிறீரா என்றார்கள், அதுவும் இல்லை. குணத்தை வெளிப்படுத்தும் பயணத்திலாவது அவருடன் சென்றிருக்கிறீரா என்றார்கள், அதுவும் இல்லை. அப்படியானால் உமக்கு அவரைத் தெரியாது என்று கூறி அந்த அறிமுகத்தை உமர் (ரலி) அவர்கள் ஏற்க மறுத்தார்கள். இமாம் பைஹகீ அவர்கள் இதைப் பதிவு செய்துள்ளார்கள்.

இந்த மூன்று கேள்விகளையும் கணக்குப் பிரிவில் இருக்கும் அந்த மச்சானிடம் கேட்டால் என்ன ஆகும்? அவர் அந்தப் பெண்ணைப் பெருநாள் விருந்தில் கண்டிருப்பார். நல்ல பிள்ளை, தொழுகையாளி என்று அறிந்திருப்பார். ஆனால் ஒரு நோயாளியின் முன்னே அவர் எப்படி நடந்துகொள்வார் என்பதை அறியமாட்டார். அறியாததை "அழுத்தமாக" எப்படிச் சொல்வது?

உறவினர் என்பதால் மட்டும் சிபாரிசு கூடாது என்று நான் சொல்லவில்லை. மூஸா (அலை) அவர்கள் தம் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களுக்காக அல்லாஹ்விடமே பரிந்து கேட்டார்கள். உடன்பிறந்தவர் என்பதை மறைக்கவில்லை. அதே நேரத்தில் தம்மைவிடத் தெளிவாகப் பேசக்கூடியவர் என்ற தகுதியையும் எடுத்துச் சொன்னார்கள். அந்த மச்சானும் இவ்வழியில் செல்லலாம். "இந்த விண்ணப்பதாரர் என் அக்காள் மகள். இவருடைய மருத்துவத் திறமை எனக்குத் தெரியாது, குணத்தை அறிவேன். இங்கே வர விரும்புகிறார். விண்ணப்பத்தை ஒருமுறை படித்துப் பார்க்க இயலுமா?" என்று உள்ளதை உள்ளபடி சொல்வதில் குற்றமில்லை. உறவை மறைத்தாலோ, அறியாத திறமைக்கு உத்தரவாதம் தந்தாலோ, தம் பதவியைக் காட்டி மறுக்க முடியாத நிலையில் எதிரிலிருப்பவரை நிறுத்தினாலோ அது வேறு கதை.

மறுக்க முடியாத நிலை என்றேன். நபி (ஸல்) அவர்களின் ஒரு ஷஃபாஅத் எனக்கு எப்போதும் வியப்பைத் தரும். பரீரா (ரலி) அவர்கள் அடிமைத்தளையிலிருந்து விடுதலையானதும் தம் கணவர் முகீஸைப் பிரியும் உரிமையைப் பெற்றார்கள். முகீஸ் மதீனாவின் தெருக்களில் கண்ணீர் விட்டுக்கொண்டு அவர்களுக்குப் பின்னாலேயே திரிந்தார். அவரிடம் திரும்பிச் செல்லக் கூடாதா என்று நபி (ஸல்) அவர்கள் பரீராவிடம் கேட்டார்கள். இது கட்டளையா என்று பரீரா (ரலி) வினவ, இல்லை, நான் பரிந்துரைக்கிறேன், அவ்வளவே என்று நபியவர்கள் பதில் தந்தார்கள். அப்படியானால் அவர் எனக்குத் தேவையில்லை என்று அந்தப் பெண்மணி சொல்லிவிட்டார். புகாரீயில் உள்ள செய்தி இது. அல்லாஹ்வின் தூதருடைய சிபாரிசையே ஒருவர் மறுத்தார். அதற்காக அவர்மீது எந்தக் கோபமும் இல்லை. நம்மிலோ நாலு முறை தொலைபேசியில் அழைத்து, பதில் வராவிட்டால் ஐந்தாவது முறை அவருடைய மனைவியை அழைத்து, கல்யாண வீட்டில் முகம் திருப்பிக்கொள்ளும் வழக்கம் இருக்கிறது. அந்த மருத்துவமனைகளில் பயிற்சியில் இருக்கும் நம் பிள்ளைகள் வாரத்திற்கு 80 மணி நேரம் வரை வேலை செய்பவர்கள். 2003 முதல் அதுவே நாடு முழுவதற்குமான உச்ச வரம்பு. அவர்களிடம் ஒருமுறை கேளுங்கள். இயலாது என்றால் ஸலாம் சொல்லி விடைபெறுங்கள்.

இன்னும் சில செய்திகளை வெளிப்படையாகவே பேச வேண்டியிருக்கிறது.

அங்கே மருத்துவமனைகளில் பார்வையாளராகச் சில வாரங்கள் இருந்துவிட்டு வரும் ஏற்பாடு உண்டு. பார்வையாளர் நோயாளியைத் தொட அனுமதியில்லை. பக்கத்தில் நின்று பார்ப்பார். அப்படி நின்றவருக்கு "இவர் நோயாளிகளைப் பரிசோதித்துச் சிகிச்சையில் பங்கேற்றார்" என்று கடிதம் வாங்குவது பொய்ச் சாட்சியம். இதற்கு வேறு பெயர் கிடையாது. பயிற்சிக்கான இடத்திற்கும் நேரத்திற்கும் கட்டணம் செலுத்துவது கூலி வகையைச் சேர்ந்தது, அதில் தடையில்லை. நல்ல கடிதத்திற்காகத் தனியே பணம் கொடுப்பதும் வாங்குவதும் அப்படியன்று. சிபாரிசு செய்ததற்காகத் தரப்படும் அன்பளிப்பை ஏற்பவர் வட்டியின் பெரிய வாசல்களில் ஒன்றில் நுழைந்துவிட்டார் என்னும் கருத்துள்ள ஹதீஸை இமாம் அபூதாவூத் பதிவு செய்துள்ளார்கள். கடிதம் வந்த பிறகு டாக்டருக்கு விலையுயர்ந்த கைக்கடிகாரம் அனுப்பலாமா என்று கேட்கும் பெற்றோர் இதைச் சிந்திக்கட்டும்.

"நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்" என்று சொல்லும் டாக்டர்களும் இருக்கிறார்கள். செய்த பணிகளின் குறிப்பை எழுதிக் கொடுங்கள், தேதிகளைக் கொடுங்கள், நீங்கள் எழுதிய ஆய்வுக் கட்டுரைகளைக் கொடுங்கள். புகழுரையை மட்டும் அவர் எழுதட்டும். தன்னைத்தானே புகழ்ந்து பிறர் பெயரில் அனுப்புவது, வாசிப்பவரை ஏமாற்றுவதாகவே எனக்குப் படுகிறது.

மருத்துவமனையில் பணி செய்கிறோம் என்பதற்காக அங்குள்ள கணினியில் விண்ணப்பதாரர்களின் கோப்புகளைத் திறந்து பார்ப்பதும், யார் யார் அழைக்கப்படுகிறார்கள் என்று சொந்தக்காரருக்குத் தகவல் சொல்வதும் அமானிதத்தில் செய்யும் மோசடியாகும். பணிக்காகத் தரப்பட்ட சாவி அந்தப் பணிக்கு மட்டுமே.

இத்தனை கண்டிப்பு எதற்கு என்று சிலர் நினைக்கக் கூடும். ஓர் இன்டர்வியூதானே, வேலையையா தூக்கிக் கொடுத்துவிட்டார்கள் என்று கேட்கக் கூடும். அந்த இன்டர்வியூவின் மறுமுனையில் இரவு மூன்று மணிக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்து படுத்திருக்கும் ஒரு நோயாளி இருக்கிறார். முதலில் வந்து அவரைப் பார்ப்பவர் பெரும்பாலும் ஒரு பயிற்சி மருத்துவர்தாம். அந்த நோயாளிக்கு நம் மச்சானும் தெரியாது, நம் ஊரும் தெரியாது. மருத்துவத்தில் அறியப்படாதவர் மருத்துவம் செய்தால் விளையும் கேட்டுக்கு அவரே பொறுப்பாளி என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததாக அபூதாவூத், நஸாயீ ஆகிய நூல்களில் வருகிறது. தகுதியில்லாதவரைத் தகுதியானவர் என்று சொல்லி அனுப்பியவர் அந்தப் பொறுப்பிலிருந்து முற்றாகத் தப்பிவிட முடியுமா? மேலே சொன்ன அந்நிஸா வசனத்தின் சுமை என்பது இதுதான்.

இந்த மாத இதழ் வெளிநாடுகளில் இருக்கும் நம் மருத்துவர்கள் சிலரின் கைகளுக்கும் செல்கிறது. அவர்களுக்கும் ஒரு வார்த்தை. சாட்சியத்தை மறைப்பவரின் உள்ளம் பாவத்திற்குள்ளாகிறது என்று அல்பகரா அத்தியாயத்தின் 283-ஆம் வசனம் எச்சரிக்கிறது. கடன் தொடர்பான வசனம் அது என்றாலும், அதன் பாடம் நமக்கும் உண்டு. உங்களிடம் ஓராண்டு, ஈராண்டு உழைத்த பிள்ளை வந்து கடிதம் கேட்கிறார். அவர் தகுதியானவர் என்பதும் உங்களுக்குத் தெரியும். "பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு மறந்து போகிறீர்கள். செப்டம்பரில் விண்ணப்பங்களைத் திறந்து பார்க்கும் நாள் வருகிறது. உங்கள் கடிதம் மட்டும் வந்து சேரவில்லை. பலர் கடிதமே எழுத மாட்டார்கள். எழுதினாலும் எவருக்கும் பொருந்தும் நாலு பொதுவான வரிகளை அனுப்புவார்கள். "சிபாரிசில் எனக்கு நம்பிக்கை இல்லை" என்று அதைப் பேணுதலாகவும் சொல்லிக்கொள்வார்கள். இது பேணுதல் அன்று, சோம்பல். எழுத மனமில்லை என்றால் ஜூன் மாதத்திலேயே இல்லை என்று சொல்லிவிடுங்கள். அந்தப் பிள்ளை வேறொருவரை நாடட்டும். தகுதி குறைவு என்று எண்ணினால் அதையும் தனிமையில் அவரிடமே சொல்லுங்கள்.

அறிமுகம் எவருமே இல்லாத பிள்ளைகளின் நிலை என்ன? இதையும் அந்த இளைஞர் கேட்டார். அவருடைய தயக்கத்தின் உண்மையான காரணம் அதுவாகவே இருந்தது. தமக்குக் கிடைத்த வாய்ப்பை விட்டுக்கொடுத்துவிட்டால் அவர்களுக்கு வழி பிறந்துவிடாது. தாம் உள்ளே சென்றபின் அவர்களுக்காக நிற்பதே வழி. நம் மருத்துவர்கள் மனம் வைத்தால், தம் மருத்துவமனையின் அனுமதியுடன் ஆண்டுக்கு ஒரு பிள்ளையையாவது, எந்த ஊர், எந்தக் குடும்பம் என்று பாராமல், தம்முடன் இருந்து கற்க இடம் தரலாம். கோடைக் காலத்தில் இணையம் வழியாக அமர்ந்து நேர்முகத்திற்குப் பயிற்சி தரலாம். நேர்முகங்களில் பெரும்பாலானவை 2020 முதல் இணையம் வழியாகவே நடக்கின்றன. அங்கே தடுமாறுவது பெரும்பாலும் அறிவுக் குறைவினால் அன்று. ஆங்கிலத்தில் தம்மைப் பற்றிப் பேசிப் பழகாததினால்தான். அவ்வாறு சில மாதங்கள் பார்த்துப் பழகிய பிறகு அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்ல அவர்களிடம் உண்மையான செய்தி இருக்கும்.

அந்தத் தந்தைக்காக நான் துஆச் செய்தேன். மச்சானிடம் என்ன சொல்ல வேண்டும், என்ன சொல்லக் கூடாது என்பதையும் அவரிடம் எடுத்துச் சொன்னேன். முதலில் அவருக்கு வருத்தமாகத்தான் இருந்தது. பிறகு, மகள் உள்ளூர் அரசு மருத்துவமனையில் பயிற்சிக் காலத்தில் யாருடன் பணியாற்றினார் என்று விசாரித்தேன். ஒரு பேராசிரியையின் பெயரைச் சொன்னார். ஓராண்டு முழுவதும் மகளின் வேலையைப் பார்த்தவராம். அந்த அம்மையாரிடம் கடிதம் கேட்டீர்களா என்றேன். அவர் அமெரிக்காவில் யாரையும் அறியாதவர் என்பதால் கேட்கவில்லை என்றார். இன்றே மகளைப் போய்க் கேட்கச் சொல்லுங்கள் என்று அவரை அனுப்பி வைத்தேன்.

யா அல்லாஹ்! கல்விக்காகத் தூர தேசங்களுக்குச் சென்றிருக்கும் எங்கள் பிள்ளைகளின் உழைப்பை அறிந்து உண்மையைச் சொல்லும் நல்லவர்களை அவர்களுக்குத் தந்தருள்வாயாக! அவர்களின் கைகளில் வந்து சேரும் நோயாளிகளுக்கு ஷிஃபாவை அளிப்பாயாக! ஆமீன்.